தையலறையில் ஒரு ஸ்பீக்கர்

வெய்லே நகரில், கடற்கழியைப் பார்த்த மேட்டுத் தெருவில் இருந்தது அந்த வீடு. வீட்டுக்காரர் ஃபிளெமிங் டோஃப்ட் ஒரு பல் மருத்துவர். நிலவறையில் ஒரு சினிமா அறை, மேலே கூடம், சமையலறை, படுக்கையறை, தையலறை நான்கிலும் பாட்டுக் கேட்க ஸ்பீக்கர்கள் வேண்டுமென்று கேட்டிருந்தார். மெரெதெ ஸ்கோவ் மூன்று நாளாகத் தன் வேனில் வந்து, தனியாளாக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். இருபது வருடமாக அவளுக்கு இதே தொழில்.

தையலறைக்கு எதுவும் வேண்டாமென்று அவர் மனைவி ஆனெலீஸ் முதல் நாளே சொன்னாள். மெஷின் ஓடும்போது பாட்டு எங்கே காதில் விழப்போகிறது என்றாள். ஃபிளெமிங் சிரித்துக்கொண்டே அவள் தோளில் கை வைத்து, மெரெதெயிடம் அங்கேயும் போட்டுவிடுங்கள் என்றார். அவர் கையை எடுக்கும்வரை ஆனெலீஸ் அசையாமல் நின்றாள். மெரெதெ அதைப் பார்த்தாள். அடுத்தவர் குடும்ப விஷயம் என்று டிரில்லை எடுத்தாள்.

ஸ்பீக்கர் ஒவ்வொன்றிலும் சின்ன மைக் ஒன்று உண்டு. அறையில் சத்தம் எப்படி எதிரொலிக்கிறது என்று அளக்க அது வேண்டும். அளந்து முடிந்ததும் அணைத்துவிடுவது மெரெதெயின் வழக்கம். வெள்ளிக்கிழமை மதியம் ஃபிளெமிங் அதை அணைக்க வேண்டாம் என்றார்.

"திருடன் கிருடன் வந்தா என் போன்ல கேட்கணும். எல்லா ரூமும். அவ போன்ல எதுவும் வேண்டாம், அவளுக்கு இதெல்லாம் புரியாது."

குழந்தை தூங்கும் அறைக்கு இப்படிக் கேட்டவர்கள் உண்டு. இந்த வீட்டில் குழந்தை இல்லை. மெரெதெ பதில் சொல்வதற்குள் அவருக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அவள் நிலவறையில் லேப்டாப்பை வைத்து, மைக்குகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். தையலறை மைக்கைத் திறந்ததும் சினிமா அறை முழுக்க ஆனெலீஸின் குரல் நிறைந்தது. அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை அவன் கோல்ஃபுக்குப் போனதும் கிளம்பிடறேன், காரென். பெட்டி கட்டல. கட்டினா கண்டுபிடிச்சிடுவான். போன தடவை மாதிரி ஆயிடும்."

மாடிப்படியில் காலடி கேட்டது. மெரெதெயின் விரல் முதல் தடவை பட்டனைத் தவறவிட்டது. இரண்டாம் தடவை குரல் நின்றபோது ஃபிளெமிங் வாசலில் இருந்தார்.

"யாரோ பேசின மாதிரி இருந்துதே?"

சோதனைக்கு வைத்திருக்கும் பதிவுக் குரல் என்று மெரெதெ சொன்னாள். அவர் லேப்டாப் திரையைப் பார்த்தார். பிறகு நடு நாற்காலியில் உட்கார்ந்து, போனில் ஸ்பீக்கர்களின் ஆப்பைத் திறந்தார்.

"சரி, நீங்க தையல் ரூமுக்குப் போய்ப் பேசுங்க. நான் இங்கேருந்து கேட்கறேன்."

இப்போது மறுத்தால் அவர் கோபம் தன்மேல் விழாது, மேலே இருப்பவள்மேல்தான் விழும் என்று மெரெதெக்குத் தெரிந்தது. அளவுகள் குறித்த தாளையும் பென்சிலையும் கையில் எடுத்துக்கொண்டு படி ஏறினாள்.

ஆனெலீஸ் போனை வைத்துவிட்டுத் திரைச்சீலை ஒன்றுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். மெரெதெ உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. தையல் ரூம்லேருந்து பேசறேன்."

சொல்லிக்கொண்டே தாளில் எழுதினாள்: இங்கே பேசுவது கீழே கேட்கிறது. கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்குக் கீழே: ஞாயிறு பற்றி நான் மட்டும்தான் கேட்டேன்.

ஆனெலீஸ் இரண்டு முறை படித்தாள். மெரெதெ எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டே போனாள். ஆனெலீஸ் பென்சிலை வாங்கி ஒரே ஒரு சொல் எழுதினாள்: வேன்?

மெரெதெ ஆமென்று தலையசைத்தாள்.

ஆனெலீஸ் கைப்பையைத் தோளில் மாட்டி, மேசைக்கடியில் கிடந்த ஷூக்களைக் கையில் எடுத்தாள். சத்தமில்லாமல் கதவுவரை வந்துவிட்டாள். அங்கே நின்றாள். மெரெதெ வேண்டாமென்று தலையாட்டியும் கேளாமல், திரும்பி வந்து ஸ்பீக்கருக்கு நேராக நின்றாள்.

"ஃபிளெமிங், கேட்டுக்கிட்டுதானே இருக்கே? நான் போறேன். இனிமே இந்த ரூம்ல நீ என்ன கேட்டாலும் அது வெறும் ரூம்தான்."

சினிமா அறைச் சுவர்களில், சத்தம் வெளியே வராதபடி மெத்தை பதித்தவள் மெரெதெதான். அவர் எழுந்தாரா, படியேறுகிறாரா, எதுவும் கேட்கவில்லை. இருவரும் ஓடினார்கள்.

வேனைக் கிளப்பும்போது ஃபிளெமிங் முன்னால் வந்து நின்றார். இரண்டு கைகளையும் முகப்பில் ஊன்றினார். குரலை உயர்த்தவே இல்லை.

"இறங்கு, ஆனெலீஸ். அந்தம்மா முன்னாடி என் மானத்தை வாங்காதே."

ஆனெலீஸ் கதவைப் பூட்டினாள். மெரெதெ கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கினாள்.

"தள்ளிக்குங்க. இல்லேன்னா போலீஸ் வர்ற வரைக்கும் இப்படியே இருப்போம். எனக்கு வேற வேலை இல்ல."

அவர் நகரவில்லை. மெரெதெ போலீஸ் எண்ணை அழுத்திப் போனைக் காதில் வைத்தாள். அப்போது எதிர்வீட்டுக்காரர் நாயோடு வெளியே வந்து, என்ன விஷயம் என்பதுபோல் நின்று பார்த்தார். ஃபிளெமிங் கைகளை எடுத்தார். எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். ஓர் அடி, பிறகு இன்னோர் அடி, பின்னால் நகர்ந்தார்.

காரென் இருந்த ஹார்சென்ஸ் நகரை நோக்கி மெரெதெ வேனை ஓட்டினாள். டிரில்லும் லேப்டாப்பும் அந்த வீட்டிலேயே கிடக்கின்றன என்பது பாதி வழியில்தான் மெரெதெயின் நினைவுக்கு வந்தது. அவற்றைத் திங்கட்கிழமை ஒரு போலீஸ்காரர் எடுத்து வந்து தந்தார். அவரிடம் அவள் தான் கேட்டதையும் பார்த்ததையும் ஒன்று விடாமல் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை, காரென் வீட்டு வாசலில் வேன் நின்றபோது ஆனெலீஸ் உடனே இறங்கவில்லை. ஷூக்கள் இன்னும் மடியில்தான் இருந்தன. குனிந்து அவற்றை மாட்டி, நாடாவைக் கட்டினாள். முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. காரென் வெளியே வந்து கதவருகில் நின்றாள். அவளும் அவசரப்படுத்தவில்லை.