அப்பா பெயரில் திறந்த கணக்கு

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் அப்பா பெயரில்தான் வாங்க வேண்டும். பம்புசெட்டு அப்பா பெயரில், கேஸ் இணைப்பு அப்பா பெயரில், என் வீட்டுக்காரர் துரைப்பாண்டி ஓட்டுகிற பைக் கூட அப்பா பெயரில்தான். கேட்டால், நல்லகண்ணு என்பது ராசியான பெயராம். அந்த ராசியின் லட்சணத்தை நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் தம்பி அருண்குமார் வீட்டு முன்னறையில் வீடியோ கேம் சென்டர் வைக்கப்போவதாகச் சொன்னபோது அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திருவேங்கடம் ரோட்டைப் பார்த்த அறை அது. உரக்கடை ராஜதுரை அண்ணாச்சி வேறு அதைக் குடோனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். திறப்பு அன்றைக்கு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு அறை யாருக்கு என்று சொல்கிறேன் என்றார் அப்பா. இந்த அறை கிடைக்காவிட்டால் அருண் மறுபடியும் கோயம்புத்தூர் கம்பெனிக்கு நைட் ஷிப்ட் பார்க்கப் போக வேண்டும். போன தடவை அங்கிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். எனக்கு அதுதான் பயம்.

சரி, கேம் மிஷினை முந்தின நாளே போட்டுப் பார்த்து வைக்கலாம் என்றால், அப்பா விடவில்லை. பிரித்த பெட்டியைப் பூசையில் வைக்கக் கூடாதாம். நல்ல நேரத்தில்தான் பெட்டியின் சீலை உடைக்க வேண்டுமாம், முதல் சுவிட்சும் அப்போதுதான் போட வேண்டுமாம். இது மிக்சி மாதிரி இல்லை, முதலில் நிறைய வேலை இருக்கிறது என்று அருண் கெஞ்சிப் பார்த்தான். அப்பாவிடம் கெஞ்சுவதும் சுவரிடம் கெஞ்சுவதும் ஒன்றுதான்.

ஆக, வெள்ளிக்கிழமை காலையில் தெருவே வந்து உட்கார்ந்திருக்க, சந்தனமும் குங்குமமும் வைத்த பெட்டியைப் பிரித்து சுவிட்சைப் போட்டோம். ராகு காலம் வருவதற்குள் ஒரு ஆட்டமாவது ஆடி போணி பண்ணிவிட வேண்டும் என்று ஏற்பாடு.

ஆட்டமா? அது முதலில் என்ன மொழி என்று கேட்டது. பிறகு எந்த நாடு, எந்த வைஃபை, யார் பெயரில் கணக்கு என்று கேட்டது. "எம்பேரைப் போடுலே," என்றார் அப்பா. போட்டான். டிவியில் பெரிய எழுத்தில் தன் பெயரைப் பார்த்ததும் அப்பா முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான், கையெழுத்துப் போட்டுப் பழகியது. அடுத்து பிறந்த தேதி கேட்டது. அப்பா பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? கடைக்கு இன்றைக்குத்தானே பிறந்த நாள், இன்றைய தேதியையே போடு, அதுதான் ராசி என்றார். அருண் தயங்கினான். சபையில் அப்பா பேச்சைத் தட்ட முடியாமல் போட்டும் விட்டான்.

அதற்குப் பிறகு அப்டேட். டிவியில் ஒரு நீலக்கோடு ஊர்ந்துகொண்டே இருந்தது. வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு வாதத்தில் இறங்கினார்கள். ஆரம்பித்து வைத்தது என் வீட்டுக்காரர்தான். அந்தக் காலத்து டிவி கேமில் கேசட்டைச் செருகினால் அடுத்த நொடி ஆடலாம், இதில் ஆடுவதற்கு முன்னாலேயே ஆளை அலுக்க வைத்துவிடுகிறான் என்றார். அருண், இப்போது இங்கிருந்துகொண்டே ஜப்பான்காரனோடு ஆடலாம், படம் நிஜம் மாதிரி இருக்கும், அதற்குத்தான் இவ்வளவும் என்றான். ஜப்பான்காரன் புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை வாங்கவா வருகிறான் என்று ராஜதுரை அண்ணாச்சி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் மச்சினன் கடை திறக்கிற அன்றைக்கா அந்த நியாயத்தைப் பேச வேண்டும்? ஒரு முறை முறைத்தேன். அதற்கப்புறம்தான் வாயை மூடினார்.

ஒருவழியாகக் கோடு முடிந்தது. நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டிவியில் புதிதாக இங்கிலீஷில் நாலு வரி வந்தது. அருணுக்குப் பின்னால் நின்று நானும் படித்தேன். நல்லகண்ணு என்பவர் ஒரு குழந்தை, பெரியவர் ஒருவர் பொறுப்பேற்று அனுமதி கொடுத்தால்தான் விளையாட முடியும் என்று போட்டிருந்தது. இன்றைக்குப் பிறந்தவர் என்று நாமே சொன்னால் அது வேறு என்ன சொல்லும்?

அருண் தன் பெயரைக் கொடுத்துப் பொறுப்பேற்றுக்கொண்டால் இரண்டே நிமிஷத்தில் ஆட்டம் ஓடியிருக்கும். ஆனால் ராஜதுரை அண்ணாச்சி காலையிலிருந்து டிவியில் வருவதையெல்லாம் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்து அர்த்தமும் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இதையும் படிக்கத் தயாரானார். அருண் திரும்பி அப்பாவை ஒரு தடவை பார்த்தான். பிறகு மடமடவென்று எதையோ அமுக்கினான். அந்த வரிகள் போயின. கூடவே அப்பா பெயரும் போனது. கணக்கையே அழித்துவிட்டான்.

முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. புதுக் கணக்கைத் தன் பெயரில் போட்டான். அது முடிவதற்குள் ராகு காலம் வந்துவிட்டது.

அப்பா எழுந்தார். "எம்பேரை அழிச்சிட்டு அவன் பேரைப் போடுதான், பாத்தீரா வே," என்று ராஜதுரை அண்ணாச்சியிடம் சொன்னார். பூசைத் தட்டிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து, ராகு காலம் என்றும் பாராமல் அவர் கையில் கொடுத்து, திங்கட்கிழமை உர மூட்டையை அறையில் இறக்கிக்கொள்ளச் சொன்னார். அருண் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

மத்தியானம் அப்பாவுக்குச் சோறு போடும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மிஷின் என்ன சொன்னது, அவன் ஏன் அழித்தான், யார் படித்துவிடக் கூடாது என்று அழித்தான், எல்லாம். அப்பா பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை.

"அவன் ஏம்ட்டி வாயத் தொறக்கல?"

"தொறந்தா ஊருக்கே தெரிஞ்சிரும்லா. உங்கள பாத்துச் சிரிப்பாங்கன்னுதான்."

தட்டிலேயே கையைக் கழுவினார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். எங்கே என்று கேட்டேன். ராஜதுரையிடம் வெற்றிலை பாக்கைத் திருப்பி வாங்கப் போவதாகச் சொன்னார். அப்படித் திருப்பி வாங்கியவர் எங்கள் தெருவில் யாரும் கிடையாது. அவர் காரணம் கேட்பாரே என்றேன்.

"மிசின் என்னயச் சின்னப்புள்ளைன்னு சொல்லிச்சு, எம்மவன் அத மறைச்சான்னு சொல்லுதேன்."

"கடை நெறைய ஆளு நிக்கும்பா."

"நிக்கட்டும்," என்று செருப்பை மாட்டினார்.