ஐந்தரை நூல்

5-8-1996, திங்கள்

என் அட்டவணையில் ஒரு தவறு இருந்தது. ஐந்தரை நூலுக்கு நேராக 17.60 என்று எழுதி வைத்திருந்தேன். 17.46 என்று இருக்க வேண்டும். சின்னத் தவறுதான். ஆனால் மூன்று வாரமாக அது என் நோட்டில் இருந்திருக்கிறது. தினமும் திறக்கிற நோட்டு.

திரும்ப நடக்கக் கூடாது என்பதற்காக, எப்படி நடந்தது என்று எழுதி வைக்கிறேன். துடியலூரில் நான் வேலை செய்கிற கம்பெனியில் பம்பு செட்டுக்கு உதிரி பாகம் கடைகிறார்கள். அங்கே எல்லாப் பேச்சும் நூலில்தான். ஓர் இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். மாலை வகுப்பில் பாக்கியராஜ் சார் மில்லிமீட்டர் நடத்த ஆரம்பித்ததும், எனக்கு இஞ்சும் பிடிபடவில்லை, மில்லியும் பிடிபடவில்லை. அதனால் நூலிலிருந்து நேராக மில்லிக்கு நானே ஓர் அட்டவணை போட்டுக்கொண்டேன். அரை நூல் முதல் எட்டு நூல் வரை பதினாறு வரிசை. அப்படி ஓர் அட்டவணை எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று சாரே சொன்னார்.

ஒரு நூல் 3.175 மில்லி. அதை அப்படியே பெருக்கிவிட்டு, கடைசியில்தான் சுருக்க வேண்டும். ஐந்து நூல் வரை அப்படித்தான் செய்திருக்கிறேன். ஐந்தரைக்கு வரும்போது சரவணம்பட்டி பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவசரத்தில் 3.175ஐ முதலிலேயே 3.2 ஆக்கிப் பெருக்கிவிட்டு ஓடியிருக்கிறேன். மறுநாள் ஆறிலிருந்து தொடர்ந்திருக்கிறேன்.

இன்று ஒவ்வொரு வரிசைக்கும் மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் கூட்டிப் பாதியாக்கிப் பார்த்தேன். ஐந்து, ஐந்தரை, ஆறு மூன்றிலும் உதைத்தது; நடுவில் இருந்த ஐந்தரைதான் காரணம். சிவப்பு மையால் அடித்துத் திருத்திவிட்டேன்.

என்னோடு வேலை செய்கிற கெசியா இந்த நோட்டைப் போன மாதக் கடைசியில் வாங்கிப்போய் மூன்று நாள் வைத்திருந்தாள். திருப்பிக் கொடுக்கும்போது அட்டையில் குழம்புக் கறை.

7-8-1996, புதன்

கெசியாவை இந்த வகுப்புக்குக் கூட்டிவந்தவள் நான். இதை இன்று எழுதியே ஆக வேண்டும்.

இரண்டு பேரும் பேக்கிங்கில் இருக்கிறோம். கடைந்து வருகிற புஷ்களை, பம்பின் சுழல்தண்டுக்கு மாட்டுகிற உலோக வளையங்களை, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, சீட்டு கட்டி, பெட்டியில் அடுக்குகிற வேலை. சர்ச்சுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாரம் மூன்று நாள், ஆறு மணிக்கு, அளவு வகுப்பு நடக்கிறது என்று நோட்டீஸ் பார்த்து வந்து சொன்னது நான். "எனக்கு எதுக்கு புள்ள அதெல்லாம்?" என்றாள். அவளுடைய ஃபாரத்தையும் நானே பூர்த்தி செய்தேன்.

இன்று சார் சாக்பீஸை எடுத்துக்கொண்டே, "ஏழே கால் இஞ்ச் எத்தனை மில்லி?" என்று கேட்டார். நான் நோட்டில் கோடு போட்டு 7.25 என்று எழுதி முடிக்கவில்லை.

"நூத்தி எம்பத்தி நாலு புள்ளி ஒண்ணு அஞ்சுங்க சார்" என்றாள் கெசியா.

"எப்படிப் போட்டே?"

"ஒரு இஞ்சுக்கு இருபத்தஞ்சு புள்ளி நாலுங்க. மொதல்ல இருபத்தஞ்சால பெருக்கிக்கிட்டேனுங்க. விட்டுப்போன புள்ளி நாலைத் தனியாப் பெருக்கிச் சேத்துட்டேன். அவ்வளவுதானுங்க."

அவ்வளவுதானாம். சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்கும் அதே விடை வந்தது, இரண்டு நிமிடம் கழித்து. அதை யாரும் கேட்கவில்லை.

சார் அவளுடைய சர்ச்காரர், அதனால்தான் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். இறங்குவதற்குள் அது பொய் என்றும் தெரிந்துவிட்டது. போன மாதம் அவள் வராத நாள்களுக்கு அவர் ஆப்சென்ட் என்றுதான் போட்டார். என் அட்டவணையை வகுப்பில் காட்டியவரும் அவர்தான். அவள் வேகமாகப் போடுகிறாள், நான் மெதுவாகப் போடுகிறேன். இதில் யாரையும் குறை சொல்ல வழி இல்லை. அதனால் இன்னும் எரிகிறது.

9-8-1996, வெள்ளி

இரண்டு விஷயம்.

ஒன்று. கடைகிற மெஷின், புது லேத், ஓட ஆரம்பித்துவிட்டது. அதன் டயல் மில்லிமீட்டரில் இருக்கிறது. அளவு பார்க்கிற பழைய வெர்னியர் தேய்ந்து போனதால் புதிதாக வாங்கியதும் மில்லி மட்டும் காட்டுகிற டயல் வெர்னியர். செக்கிங்குக்கு ஓர் ஆள் போடப்போவதாக முதலாளி லட்சுமணசாமி சொன்னார். பேக்கிங்கிலிருந்தே ஒருத்தரை எடுப்பாராம். மேஜை, நாற்காலி, கையில் வெர்னியர். தீபாவளிக்குள் செக்கிங் கிடைத்தால் வேலைக்குப் போகலாம், இல்லையென்றால் காகிதம் சுற்றினது போதும், வீட்டில் இரு என்று அப்பா சொல்லியிருக்கிறார். அந்த நாற்காலி எனக்கு வேண்டும்.

இரண்டு. லேத்துக்குப் பக்கத்துச் சுவரில் கெசியா ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறாள். யாரும் கேட்காமலே எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். பெரிய வெள்ளை அட்டை. நூல் பச்சையில், மில்லி சிவப்பில். லேத் ஓட்டுகிற பாலுசாமி அண்ணன் அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இந்த டயலு நம்மகிட்ட இங்கிலீசு பேசறாப்பல இருந்துச்சு. இப்பத்தான் தமிழுக்கு வந்திருக்குது. நூலுல சொல்லுங்க, கண்ண மூடிட்டுக் கடைஞ்சு குடுக்கறேன்."

"கண்ண மூடிராதீங்கண்ணா. வெரலு போயிரும்" என்றாள் கெசியா. எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார்.

"நெம்ப நல்லா இருக்குது அம்மணி" என்றார் அவளிடம்.

அரை நூல் முதல் எட்டு நூல் வரை பதினாறு வரிசை. என் அட்டவணை. ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு வரி இடம் விட்டிருந்தேன், காரணமே இல்லாமல். அங்கே அவளும் இடம் விட்டிருக்கிறாள். எல்லோரும் நகர்ந்த பிறகு கிட்டே போய் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

ஐந்தரை நூல் 17.60.

நோட்டை அவள் எடுத்துப்போனது நான் திருத்துவதற்கு முன்பு. என் தவறு அவள் கையெழுத்தில், சிவப்பில், சுவரில் இருக்கிறது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

12-8-1996, திங்கள்

காரமடையிலிருந்து ஆர்டர். பழைய மாடல் பம்புக்கு இருநூறு கன்மெட்டல் புஷ். கூடவே ஒரு பழைய வரைபடம். உள் விட்டம் பதினொன்றின் கீழ் பதினாறு இஞ்ச். அதாவது ஐந்தரை நூல்.

வரைபடத்தை இரண்டு முறை படித்தேன். இத்தனை அளவு இருக்கும்போது இது ஏன் வர வேண்டும்?

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 17.60 கழித்தல் 17.46, புள்ளி ஒன்று நான்கு மில்லி. தலைமுடி இரண்டு கனம்கூட வராது. ஆனால் அதற்குள் சுழல்தண்டு, ஷாஃப்ட், ஆடும், தண்ணீர் கசியும், புஷ் திரும்பி வரும். அதிகமாகக் குடைந்த ஓட்டையைச் சின்னதாக்க முடியாது.

"இந்த லாட்டுல கெசியா செக்கிங் பாக்கட்டும். சரியா வந்துச்சுன்னா பதினாறாந்தேதியிலருந்து அதுவே பாத்துக்கட்டும்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சரியாக வராது என்று இந்தக் கம்பெனியில் எனக்கு மட்டும் தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டின்போது கெசியா அவள் டப்பாவிலிருந்து கத்தரிக்காய்ப் பொரியலை என் தட்டில் வைத்தாள். "என்ன புள்ள, மொகம் ஒரு மாதிரி இருக்குது? ஒடம்புக்குச் சரியில்லையா?" என்றாள். தலைவலி என்று சொன்னேன். டீக்குப் போனவரிடம் சொல்லி மாத்திரை வாங்கி வரச் செய்தாள். விழுங்கினேன்.

மாலை வகுப்பில் உட்கார்ந்தேன். ஒன்றும் எழுதவில்லை.

13-8-1996, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான்கு மணிக்குப் பாலுசாமி அண்ணன் முதல் புஷ்ஷைக் கடைந்து முடித்தார். துணியில் துடைத்துக் கெசியாவிடம் கொடுத்தார். அவள் வெர்னியரை உள்ளே விட்டு விரித்தாள். அவள் அதைப் பிடிக்கிற விதமே தனி. நான் பிடித்தால் முள் ஓர் இடத்தில் நிற்காது.

"பதினேழு புள்ளி ஆறுங்கண்ணா. சரியா இருக்குது."

"சரியா இல்லாம? சார்ட்டுல என்ன போட்டிருக்கியோ அதத்தான கடைஞ்சேன்!"

அதே சார்ட்டைப் பார்த்துக் கடைந்ததை, அதே சார்ட்டைப் பார்த்துச் சரிபார்த்தால் எப்படித் தவறு தெரியும்? நான் எண்ணெய்க் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த புஷ்ஷை என் கையில்தான் கொடுத்தாள், சுற்றுவதற்கு. இன்னும் சூடாக இருந்தது. சுற்றினேன்.

முதலாளி வந்தார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மீதி நூத்தித் தொண்ணூத்தி ஒம்பதையும் முடிச்சுப்போடுங்க. நாளன்னைக்குச் சுதந்திர தினம், லீவு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன் அம்மணி, அந்த சார்ட்டு உன்ற நோட்டுல பாத்து எழுதுனதாமா? கெசியா சொல்லுச்சு. நாளைக்கு அந்த நோட்டக் கொண்டாந்து காட்டு. ஆபீஸ்லயும் ஒண்ணு எழுதி மாட்டிக்கலாம்."

நான் கெசியாவைப் பார்த்தேன். அவள் டயலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் என் பேரைச் சொல்லியிருக்கிறாள். நான் நான்கு நாளாக அவள் பேர் கெடட்டும் என்று காத்திருக்கிறேன்.

உடனே தோன்றியது என்ன என்பதையும் எழுதுகிறேன். நல்ல எண்ணம் இல்லை. என் நோட்டில் இப்போது 17.46 இருக்கிறது, சிவப்பு மையில். திருத்திய தேதி பக்கத்தில் இல்லை. நாளை நோட்டைக் காட்டி, "என்ற நோட்டுல சரியாத்தானுங்க இருக்குது, அவதான் தப்பாப் பாத்து எழுதிட்டா" என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நாற்காலி எனக்கு. மாலை ஐந்தரை மணிக்கு வேலை முடிகிற வரை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் கெசியா பூ வாங்கினாள். பாதியைக் கிள்ளி என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"கெசியா, சார்ட்டுல அஞ்சரை நூல் தப்பு. பதினேழு புள்ளி நாலு ஆறு வரோணும்."

அவள் கண் மேலே போனது. உதடு அசைந்தது. மூன்று விநாடி இருக்கும்.

"ஆமா" என்றாள். "அய்யோ, ஆமா புள்ள. பதினேழு புள்ளி நாலு ஆறு." பிறகு, "உன்ற நோட்டுல அப்படித்தான இருந்துச்சு? நான் மாத்தி எழுதிப்போட்டனா?"

"இல்ல. நான்தான் தப்பா எழுதியிருந்தேன். நீ திருப்பிக் குடுத்ததுக்கு அப்புறந்தான் பாத்துத் திருத்துனேன்."

"நீ எழுதுனதுன்னா சரியா இருக்கும்னு நான் போட்டே பாக்கல" என்றாள். சிரிக்கக்கூட ஆரம்பித்தாள். "இன்னிக்காவது பாத்தியே. ஒண்ணோட போச்சு."

அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"சார்ட்டுல இருக்கறத வெள்ளிக்கெழமையே பாத்துட்டேன்."

பூவை நீட்டிய கை அப்படியே இருந்தது.

"இன்னிக்குச் செவ்வாய்" என்றாள்.

"ஆமா."

"நேத்து மாத்திரை வாங்கிக் குடுத்தேன்."

"ஆமா."

மேட்டுப்பாளையம் பஸ் வந்தது. அவள் படியில் ஏறி நின்று, என்னைப் பார்க்காமல், "நாளைக்கு நீயே போய்ச் சொல்லு. நான் வாயத் திறக்க மாட்டேன். நீ என்ன சொல்றீன்னு நின்னு கேக்கறேன்" என்றாள்.

நான் சரவணம்பட்டி பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்றேன்.

முதலாளி நோட்டைக் கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. சொல்லியிருப்பேன் என்று எழுதப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. அவள் மூன்று விநாடியில் போட்டதைப் பார்த்தபோது, அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது. அது நாளைக்குப் போய்விடும் என்றும் தோன்றவில்லை. அப்பாவிடம் தீபாவளியைப் பற்றி என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

நாளை, 14-8-1996, புதன்:

ஏழு மணி பஸ். எட்டு மணிக்கு லேத் ஓடும். அதற்கு முன் பாலுசாமி அண்ணனை நிறுத்த வேண்டும். முதலாளியிடம் நோட்டைக் காட்ட வேண்டும். 17.60 நான் எழுதியது. சிவப்பு மை ஐந்தாம் தேதி போட்டது. கெசியா எடுத்துப்போனது அதற்கு முன்பு. சுவரில் இருப்பதை ஒன்பதாம் தேதி பார்த்தேன், சொல்லவில்லை. இந்த நான்கையும் இதே வரிசையில், கெசியா நிற்கும்போது சொல்ல வேண்டும். பிறகு சார்ட்டில் ஐந்தரை வரிசையின் மேல் வெள்ளைத் துண்டு ஒட்டி 17.46 எழுத வேண்டும். கத்தரியும் பசையும் பையில் வைத்துவிட்டேன்.