வயிறு சிவந்த உள்ளான்

துணி வாங்க வெளிநாட்டுப் பையர் வந்தால் கோழி வறுவலோடு விஷயம் முடியும். யான் என்கிற இந்த ஆள் வேறு ரகம். ஹாலந்திலிருந்து வந்தவர், வறுவலைத் தொடாமல் குளம் எங்கே என்று கேட்டார். பங்குனி பிறந்தால் உள்ளான் பறவைகள் வடக்கே கிளம்பிவிடும், அதற்குள் பார்க்க வேண்டுமாம்.

லிங்கசாமி குளத்தைத் தவிர வேறு எதையும் காட்டத் தயார். அவருடைய சாயப்பட்டறையில் சுத்திகரிப்பு மோட்டார் நேற்று படுத்துவிட்டது. யான் ஆர்டர் கொடுத்த டி-ஷர்ட்டுகளுக்குப் போட்ட சிவப்புச் சாயத்தண்ணீர் தொட்டி முட்ட நின்றது. நேற்று மாலையில் லிங்கசாமியே வால்வைத் திறந்து ஓடையில் விட்டார். ஓடை விழுவது அந்தக் குளத்தில். ஒரு சொட்டு வெளியே போனாலும் ஆர்டர் ரத்து என்று யான் முன்பே சொல்லியிருந்தார். பட்டறை ஓடுவதே அந்த ஆர்டரில்தான்.

திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்குவதைக் காட்டுகிறேன் என்றார் லிங்கசாமி. கல் நாளைக்கும் இருக்கும், பறவை இருக்காது என்றுவிட்டார் யான்.

ஓடை வாய் நாணலுக்கு அந்தப் பக்கம். லிங்கசாமி இந்தப் பக்கமாகவே கூட்டிவந்து நிறுத்தினார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. யான் முக்காலியை நட்டு, தொலைநோக்கியில் கண்ணை வைத்தார்.

"ரெட்," என்றார், மூச்சுவிடுகிற மாதிரி.

லிங்கசாமியும் குனிந்து பார்த்தார். மூக்கு வளைந்த சின்ன உள்ளான்கள் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. முதுகு சாம்பல், வயிறு செங்கல் சிவப்பு. ஒன்றிரண்டில் திட்டுத்திட்டாக, சாயம் சரியாக ஏறாத துணிபோல. தண்ணீர் படுகிற இடம் மட்டும் சிவப்பு. ஷேடுகூட அந்த டி-ஷர்ட் சிவப்பேதான்.

"கண்ணு, டிபன் ஆறுதுன்னு சொல்லு," என்றார், ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர், மொழிபெயர்க்க வந்திருந்த இந்துமதியிடம்.

"சொன்னேனுங்க. போட்டோ எடுத்து அவங்க ஊர்ல எல்லாருக்கும் காட்டோணுமாமுங்க."

துணியில் ஓட்டை இருந்தால், வாங்குகிறவன் விரலை விடுமுன் நாமே காட்டிவிட வேண்டும், பாதி விலையாவது தேறும். லிங்கசாமி அப்படியே வளர்ந்தவர்.

"சார், யெஸ்டர்டே ஒன்லி. மோட்டார் ரிப்பேர். ஐ ஓப்பன் வால்வ். டூ டேஸ் பேர்டு வாஷ், கலர் கோ."

யான் நிமிர்ந்தார். இந்துமதியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் குரல் இறங்கியது.

"குளிர்காலம் பூரா சாம்பலா இருக்குமாமுங்க. குஞ்சு பொரிக்க வடக்கே போறப்ப இப்படிச் சிவப்பு இறகு முளைக்குமாமுங்க. வருசா வருசம்."

"அப்ப சாயம் இல்லியா?"

"இல்லீங்க." லிங்கசாமியைப் பார்க்காமல் தொடர்ந்தாள். "எந்த வால்வுன்னு கேக்கறாருங்க."

லிங்கசாமியின் கண் ஒரு நொடி நாணல் பக்கம் போய் வந்தது. துணிச் சந்தையில் பழகிய மனிதர் யான், அந்த நொடியைத் தவறவிடவில்லை. தொலைநோக்கியைப் பறவைகளிடமிருந்து நாணல் பக்கம் திருப்பினார். ஒன்றும் தெரியவில்லை. முக்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கரையோரமாக ஓடை வாயை நோக்கி நடந்தார். உள்ளான்கள் மொத்தமாக எழும்பிப் பறந்தன. அவர் தலை தூக்கவில்லை.

"நானும் கூடப் போகட்டுங்களா?" என்றாள் இந்துமதி.

"போ கண்ணு," என்றார் லிங்கசாமி. "அந்தப் பக்கம் சேறு வழுக்கும். பாத்து நடக்கச் சொல்லு."