வீரய்யாவின் நடு அச்சு

1

இந்தக் கதை என் மேசைமேல் நின்றுபோன ஒரு சின்னக் கடைசல் இயந்திரத்தில் பிறந்தது. பொழுதுபோக்குக்கு வாங்கியது. பித்தளை என்றால் பாடிக்கொண்டே சீவும். அகலமான இரும்பில் உளியை வைத்தால் முனகிவிட்டு நின்றுவிடும். மோட்டாருக்கும் கடையும் அச்சுக்கும் நடுவில் இன்னொரு அச்சு போட்டுச் சரிசெய்தேன். அதன் கப்பிகளை ஒட்டிய பசை காயும்வரை சும்மா இருக்க முடியாமல், மோட்டாரே இல்லாத காலத்தில் இதே தொல்லையை யார் பட்டிருப்பார் என்று யோசித்தேன். வீரய்யா வந்தார்.

‘பதுளை மலைகளை மூடுபனி போர்த்தியிருந்த அந்த—’

வேண்டாம். மூடுபனியில் தொடங்கினால் இயந்திரம் தெரியாது.

2

1911, ஒரு ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஆலையில் வீரய்யா கொல்லர். கொழுந்து உருட்டும் இயந்திரத்தில் அச்சைத் தாங்கும் வளையம் உடைந்துவிட்டது. பதுளையில் வார்த்துக் கொண்டுவந்த புது வளையம் கரடுமுரடாகக் கிடக்கிறது. அதைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இருப்பதோ, சீமைக்குப் போய்விட்ட பழைய துரை யானைத்தந்தத்தில் சிமிழ் கடைந்து விளையாடிய, காலால் மிதித்து ஓட்டும் கடைசல் இயந்திரம்.

புதுத் துரை சொல்லிவிட்டார்: இன்றைக்குள் முடியாவிட்டால் கொழும்பிலிருந்து வேறு ஆள் வருவான். வீரய்யா நாளைக் காலைப் பெரட்டில் வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டதும் மண்வெட்டியோடு மலைக்குப் போக வேண்டும். பதினேழு வருஷம் உலை முன்னால் நின்றவர்.

(அவர் மனநிலையைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். வளையத்தைத் தடவிக்கொண்டே இருந்தார், அது போதும்.)

3

அவசரமுள்ளவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். போகாதீர்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மிதித்தால் கீழே பெரிய சக்கரம் சுற்றும். அதிலிருந்து ஒரு தோல்வார் மேலேயுள்ள சின்னக் கப்பிக்குப் போகும். கடைய வேண்டிய பொருள் அந்தக் கப்பியோடு சேர்ந்து சுற்றும். பெரியது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சின்னது ஆறு சுற்றிவிடும். வேகம் உண்டு, பலம் இல்லை. மலையேறுவதை நினைத்துப் பாருங்கள். குறுக்குப்பாதையில் சீக்கிரம் ஏறலாம், ஆனால் வண்டி ஏறாது. வளைந்து வளைந்து போகும் வண்டிப்பாதையில் அதே மாடு அதே பாரத்தை இழுத்துவிடும், நேரம்தான் கூடும். வீரய்யாவின் இயந்திரத்துக்கு ஒரு வண்டிப்பாதை தேவைப்பட்டது.

(இந்த உவமையை அவர் மனைவி ரெங்கம்மா சொல்வதாகத்தான் முதலில் எழுதினேன். கொழுந்துக் கூடையோடு தினமும் மலையேறுகிறவள், பொருந்தும். ஆனால் அவள் அப்படிப் பேச மாட்டேன் என்றாள். அவளுக்குக் கேலிதான் வருகிறது.)

4

வீரய்யா பலாப் பலகையில் இரண்டு கப்பிகள் செய்தார். ஒன்று நாலு அங்குலம், மற்றது பன்னிரண்டு. இரண்டையும் ஒரே அச்சில் பக்கத்தில் பக்கத்தில் இறுக்கி, கீழ்ச்சக்கரத்துக்கும் மேல் கப்பிக்கும் நடுவில் நிறுத்தினார். கீழே ஒரு வார், மேலே ஒரு வார்.

“ஏ புள்ள, மிதி.”

ரெங்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். முதலில் அசையவில்லை, பிறகு வளையம் கிர்ரென்று சுழன்று எண்ணெயை வாரி இறைத்தது.

“மெதுவா போவும்னீங்க? பேய் புடிச்சாப்புல சுத்துது!”

வீரய்யா உளியை வைத்தார். டக்கென்று நின்றது.

“சரிதான். நானே தொரகிட்டப் போயிச் சொல்லிடுறேன், எம்புருசனுக்கு நல்ல மம்பட்டியா பாத்துக் குடுங்கன்னு.”

“சும்மா இரு புள்ள.”

“எண்ணெ பூரா எம்மூஞ்சியில. சிரிக்காதீங்க!”

“நா எங்க சிரிச்சேன்?”

“கம்பளிய உள்பக்கம் வெளிய தெரியப் போத்திக்கிட்டு வந்த மாதிரியில்ல இருக்கு ஒங்க வேல!”

வீரய்யா குனிந்து பார்த்தார். கீழ்வார் சின்னக் கப்பியில், மேல்வார் பெரிய கப்பியில். ஆறு சுற்றை இரண்டாகக் குறைப்பதற்குப் பதில் பதினெட்டாக்கி வைத்திருந்தார்.

(அனுபவமுள்ள கொல்லர் இப்படித் தவறுவாரா என்று கேட்பீர்கள். போன மாதம் நான் செய்ததும் இதே தவறுதான். அவரை மட்டும் ஏன் காப்பாற்ற வேண்டும்?)

5

அச்சைக் கழற்றித் தலைமாற்றிப் போட்டார். வார்களை அறுத்து, நீளம் பார்த்துத் தைத்தார். ரெங்கம்மா மிதித்தாள். வளையம் சோம்பல் முறிப்பதுபோல் நகர்ந்தது. உளி பட்டது, நிற்கவில்லை. வார்ப்பிரும்பு சுருளாக வராது, மிளகுப்பொடிபோல உதிரும். உதிர்ந்தது.

“போவுதுங்க!”

“பேசாம மிதி.” இப்போது உண்மையாகவே சிரித்தார்.

பாதி அகலம் வெட்டியிருந்தபோது வெளியே குளம்பொலி கேட்டது.

முதல் முடிவு: துரை இறங்கி வந்து வீரய்யாவின் கையைக் குலுக்குகிறார். எந்தத் தோட்டத்தில் அப்படி நடந்தது? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: துரை உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் கொழும்புக்குத் தந்தி— இதை எழுதி முடிக்கக் கை வரவில்லை. வளையம் அவ்வளவு அழகாக வந்துகொண்டிருக்கிறது.

துரை வாசலில் நிற்கிறார்.

“தொர வந்துட்டாருங்க. நிறுத்தட்டுமா?”

“நிறுத்தாத.”

துரைக்கு முன்னால் யாரும் அந்த ஆலையில் அப்படிச் சொன்னதில்லை. அவர் என்ன சொல்வார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கத்தட்டும், மெச்சட்டும், உங்கள் விருப்பம். ரெங்கம்மாவின் காலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வெட்டு நடுவில் நின்றால் இரும்பில் ஒரு தடம் விழும். அதற்கப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் கைக்குத் தெரியும்.