கையை விட்டால் நின்றுவிடும்

பனி வாரும் இயந்திரம் வெர்னாவை இழுத்துக்கொண்டு நீராவிக் குளியல் கொட்டகையின் சுவரை நோக்கி நேராகப் போனது.

“விடுங்க அண்ணி! ரெண்டு கையையும் விடுங்க!” என்று, வீட்டுப் பாதை சாலையைத் தொடும் முனையிலிருந்து ரீனோ கத்தினான்.

விட்டாள். சக்கரம் அந்த இடத்திலேயே நின்றது. சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் மிச்சம். எஞ்சின் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் உறுமிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா? இதுக்குத்தான் சொல்றேன். நகருங்க, அஞ்சே நிமிஷத்துல என் வண்டியால பனியத் தள்ளி விட்டுட்டுப் போயிடறேன்.”

“நீ முதல்ல உன் கத்தியத் தூக்கு ரீனோ. இந்தப் பாதையில அது இன்னிக்குப் படக் கூடாது.”

ரீனோ அவளுடைய கணவனின் தம்பி. வண்டியின் முன்னால் ஆள் அகலத்துக்குப் பனி தள்ளும் இரும்புக் கத்தியை மாட்டியிருந்தான். சாவு விழுந்த வீட்டின் பாதையை அந்த வீட்டார் வழிப்பது அந்த ஊரில் வழக்கமில்லை. விடிவதற்குள் யாராவது வந்து வழித்துவிட்டுப் போவார்கள். கேட்கவும் மாட்டார்கள், நன்றி சொல்லவும் விடமாட்டார்கள். இன்று விடியற்காலையில் ரீனோ அப்படித்தான் வந்தான். வெர்னா இரவு உடையின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வண்டியின் முன்னால் போய் நின்றுவிட்டாள். அதற்கு என்ன செய்வதென்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. சாலையோரமாக வண்டியை நிறுத்திக்கொண்டு அப்போதிலிருந்து அங்கேயே நிற்கிறான்.

எல்லாம் நேற்று மாலைப் பேச்சால் வந்தது. கிரீன் பே நகரத்திலிருந்து வந்திருந்த மகன் டேலும் ரீனோவும் அவளுடைய சமையலறையில், அவள் சுட்ட ஏலக்காய் ரொட்டியைத் தின்றுகொண்டே, அவளுடைய வீட்டை விற்று முடித்துவிட்டார்கள். பிப்ரவரிக்குள் விற்றுவிடலாம், கிரீன் பேயில் டேலின் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துவிடலாம் என்று. அவள் ஏன் என்று கேட்டாள்.

“பனி யாரும்மா வழிப்பா? எழுபத்தொரு வயசுல நீயா? சித்தப்பா தினம் வர முடியுமா?” என்றான் டேல். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அந்த மெஷினையும் முதல்ல குடுத்துடணும். பாக்கவே முடியல” என்றான்.

அவளால் பார்க்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கணவர் ஆர்விட் அதன் பக்கத்தில்தான் விழுந்து கிடந்தார். மண்வாரியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் நவம்பரில் வாங்கியது. இன்னும் சிவப்பு வண்ணம் மங்கவில்லை. இடக்கைப் பிடியை அழுத்தினால் சக்கரம் ஓடும், வலக்கைப் பிடியை அழுத்தினால் பனியை வாரும் திருகு சுழலும். கையை விட்டால் இரண்டும் நின்றுவிடும். திருகின் சத்தம் நின்றது அவளுக்கு அடுப்படியில் கேட்டது. சிகரெட் பற்றவைக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். காப்பியை ஊற்றி வைத்துவிட்டு, ஆறுகிறதே என்று பத்து நிமிடம் கழித்துத்தான் எட்டிப் பார்த்தாள். அந்தப் பத்து நிமிடத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று அடக்க ஆராதனை. அடக்கம் என்பது பெயருக்குத்தான். தரை பாறையாய் இறுகிக் கிடக்கிறது. மே மாதம் குழி தோண்டும் வரை ஆர்விட் கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில், மற்ற குளிர்காலத்து ஆட்களோடு வரிசையில் படுத்திருக்கவேண்டும். இன்னும் மண்ணுக்குப் போகாத மனிதரை இங்கே விட்டுவிட்டு நாலு மணி நேரப் பயணத் தூரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளச் சொல்கிறார்கள். வெர்னாவுக்கு அதை நினைத்தாலே உடம்பு பற்றி எரிந்தது.

ஆர்விட் மீதும்தான் கோபம். நாற்பத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட அவளை இந்தப் பக்கம் விட்டதில்லை. “நீ அடுப்பப் பாரு, நான் வாசலப் பாக்கறேன்” என்பார். இப்போது வாசலை யார் பார்ப்பதாம்?

பின்னால் இழுக்கும் கியரைப் போட்டு இயந்திரத்தைச் சுவரிலிருந்து மீட்டாள். மூன்றாம் வேகத்திலிருந்து ஒன்றுக்கு இறக்கினாள். இரண்டு பிடியையும் அழுத்தினாள். முழங்கால் உயரப் பனி இயந்திரத்தின் குழாய் வழியாகச் சீறிக்கொண்டு போய், ஏரிக்காற்றில் அப்படியே திரும்பி அவள் முகத்தில் அப்பியது. கண், மூக்கு, கழுத்துக்குள் எல்லாம் பனி.

“காத்து எந்தப் பக்கம்னு பாத்துக் குழாயத் திருப்புங்க!” ரீனோ சிரிப்பை அடக்கமுடியாமல் கத்தினான்.

“எனக்குத் தெரியும்!”

தெரியாது. ஆனால் குழாயைத் திருப்பினாள். இந்த முறை பனி வில்லாக வளைந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. வெர்னா வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், சந்தோஷத்தில்.

பாதி தூரம் வந்தபோது டேல் கறுப்புக் கோட்டும் அப்பாவின் பூட்ஸுமாக ஓடிவந்தான்.

“அம்மா, மணி பத்தரை! பதினோரு மணிக்கு ஆராதனை. போதகர் போன் பண்றாரு.”

“பண்ணட்டும்.”

“அப்பா அங்க தனியாக் கிடக்காரும்மா.”

“கிடக்கட்டும். எத்தனை கல்யாணத்துக்கு, எத்தனை சாவுக்கு நான் காருக்குள்ள உக்காந்து அந்த மனுஷன் வழிச்சு முடிக்கிறவரைக்கும் காத்துக்கிட்டிருந்திருக்கேன்! இன்னிக்கு ஒரு நாள் உங்கப்பா காத்திருக்கட்டும்.”

டேல் அவள் தோளைப் பிடித்தான். அவள் உதறினாள். “மே மாசம் அவரக் குழிக்குள்ள வச்சப்புறம் வீட்டப் பத்தி வந்து பேசு. அப்பவும் என்கிட்டக் கேட்டுட்டுப் பேசு. இப்ப வழிய விடு, கால்ல ஏத்திடுவேன்.”

அவன் விலகினான்.

சாலையின் ஓரத்தில்தான் உண்மையான வேலை. அரசாங்கப் பனி வண்டி விடியற்காலையில் தள்ளிவிட்டுப் போயிருந்த பனி, இடுப்பளவுச் சுவராய் உறைந்து நின்றது. திருகு அதில் முட்டி முனகியது. குழாய் அடைத்துக்கொண்டது. “கையை உள்ள விட்டுடாதீங்க!” என்று ரீனோ பதறினான். அவள் எஞ்சினை அணைத்து, குச்சியால் குத்திக் குத்தி அடைப்பை எடுத்தாள். மேலடுக்கை முதலில், பிறகு அடியை, கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தெடுத்தாள். கைகள் மரத்துப்போயின. பிடியை மட்டும் விடவில்லை. பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இயந்திரத்தின் வாய் சாலையைத் தொட்டது.

ரீனோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

இயந்திரத்தைக் கொட்டகையில் விட்டு, உடை மாற்றி, கறுப்புக் கோட்டும் கைப்பையுமாக வெர்னா காரில் ஏறினாள். டேல் பாதையில் காரை மெல்ல இறக்கினான். அப்போதுதான் மேட்டின் மேல் ஆரஞ்சு விளக்கு சுழன்றது. அரசாங்கப் பனி வண்டி இரண்டாம் சுற்றுக்கு வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் சாவு வீட்டைத் தெரிந்தவர்போல. வாசலைக் கடக்கும்போது மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். அவருடைய கத்தி அவள் திறந்த வாசலின் குறுக்கே தொடை உயரத்துக்குப் புதுப் பனியைத் தள்ளிவிட்டுப் போனது.

சாலையோர வண்டிக்குள் ரீனோவின் கை கத்தியை இறக்கும் விசை மேல் இருந்தது. அவன் கண்ணாடி வழியாக வெர்னாவைப் பார்த்தான்.

வெர்னா கைப்பையை இருக்கையில் வைத்தாள். கதவைத் திறந்து இறங்கி, கறுப்புக் கோட்டோடு கொட்டகையை நோக்கி நடந்தாள்.

ரீனோ விசையிலிருந்து கையை எடுத்தான். வண்டியின் எஞ்சினை அணைத்தான். கொஞ்ச நேரம் கழித்து டேலும் காரை அணைத்தான்.