ஒன்பதாவது வரி

மரியசெல்வியின் நோட்டில் எட்டு முயற்சிகள் நம்பர் போட்டு வரிசையாக இருந்தன. எட்டுக்கும் எதிரே ஒரே பிழை: ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’, கேட்ட பெயர் எங்கும் கிடைக்கவில்லை என்று. மின்தராசின் எடையைத் திரையில் காட்ட அவள் எழுதிய புரோகிராமில் குற்றமில்லை, கம்பைல் ஆகிவிட்டது. தராசுக் கம்பெனி கொடுத்த ‘லைப்ரரி’ என்ற துணைக் கோப்போடு சேர்க்கும் இடத்தில்தான் முரண்டு பிடித்தது.

கம்பெனிக்காரர் இன்று ஏழரைக்கு வருவார். யாருடைய புரோகிராம் முதலில் எடை காட்டுகிறதோ அவருக்கு அங்கே வேலை. பகலெல்லாம் ஒட்டன்சத்திரம் மண்டியில் நின்றபடி தக்காளிப் பெட்டிகளுக்கு எடை எழுதிவிட்டு, பஸ் பிடித்துத் திண்டுக்கல் மாலை வகுப்புக்கு ஓடிவரும் அவளுக்கு, உட்கார்ந்து செய்கிற வேலை என்று கண்ணில் பட்டது அது ஒன்றுதான்.

வகுப்பில் தராசு மாட்டிய கம்ப்யூட்டர் ஒன்றே. ஆளுக்கு அரை மணி. அடுத்து ஸ்டான்லி. அவனும் அதே பிழையில்தான் சிக்கிக் கிடந்தான்.

“எந்திரிக்கா. அது உங்கூடப் பேசாது, கோவிச்சுக்கிருச்சு.”

“செத்த நேரம் இருடா. ஒண்ணே ஒண்ணு.”

“இதத்தான நேத்தும் சொன்ன?”

ஒன்பதாவது வரியை எழுதினாள்: ‘கட்டளையில் லைப்ரரி பெயரை முதலில் போட்டிருக்கிறேன். என் கோப்புக்குப் பின்னால் போட வேண்டுமோ?’ முன்னே பின்னே மாற்றினால் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் தோன்றியது. சாரைக் கேட்டுவிட்டே போடலாம் என்று எழுந்தாள். நோட்டு கீபோர்டு பக்கத்திலேயே கிடந்தது.

ஞானராஜ் சார் கீழே டீக்கடையில் நின்றார். “போட்டுப் பாக்க வேண்டியதுதானம்மா? வெடிச்சா போயிரும்?”

அவள் படியேறும்போதே மேலே கைதட்டல் கேட்டது. தராசில் ஸ்டான்லியின் பை. திரையில் 3.2 கிலோ. சீக்கிரமே வந்துவிட்ட கம்பெனிக்காரர் அவன் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏலே, அது என் நோட்டுல இருந்தது.”

“நீ கேள்விதானக்கா எழுதியிருந்த. நான் போட்டுப் பாத்தேன்.”

அவள் நோட்டை எடுத்து மூடினாள்.

கம்பெனிக்காரர் தராசைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனபின் அவள் முறை வந்தது. லைப்ரரி பெயரைக் கடைசியில் போட்டாள். ஒரு பிழைகூட இல்லை. புரோகிராம் திறந்தது.

‘தராசைக் காணவில்லை. வயரைச் சரிபார்க்கவும்.’

எதற்கும் இருக்கட்டும் என்று முதல் நாளே அவள் எழுதி வைத்த வாசகம். அது பிசகாமல் வேலை செய்தது.