கிருமியம்மாவுக்கு வந்த போன்

உயிர் உரக் கம்பெனியில் பாக்கெட் போடும் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் கிருமியம்மா. மண்ணுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாவைக் கண்ணாடிக் குடுவைகளில் வளர்ப்பது அவள் வேலை. மூடிய அறை, முகத்தில் மாஸ்க், பேச்சுத் துணைக்குக் குடுவைகளைக் குலுக்கும் மெஷினின் கடகட சத்தம். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அந்தச் சத்தம்கூட இல்லை.

பாக்கெட்டின் பின்னால் அச்சடித்திருக்கும் போன் நம்பர் அவள் மேசையுடையது. யாரும் அழைத்ததில்லை. ஒரு நாள் அது அடித்தது.

"என்னம்மா மருந்து இது? பீன்ஸ் செடியெல்லாம் வெளுத்துப்போய் நிக்குது. பேசாம யூரியாவே போட்டிருப்பேன்."

விதையில் எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்டாள். பூஞ்சை மருந்தோடு சேர்த்துப் புரட்டினாராம்.

"ஐயையோ! இது மருந்து இல்லீங்க, உயிர். பூஞ்சை மருந்து பட்டா செத்துடும்."

"அப்போ நான்தான் கொன்னுட்டேனா?" என்றார் விவசாயி.

வேறு பாக்கெட் அனுப்பிவைத்தாள். மீதி நிலத்தில் விதைக்க, தொட்டதற்கெல்லாம் போன் செய்தார். நிழலில் உலர்த்தணுமா, வெயில் ஆகாதா, தண்ணீர் எவ்வளவு? போன் அடித்தால் அவள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவாள்.

"புதுசா முளைச்ச செடி வேர்ல குட்டிக் குட்டியா உருண்டை இருக்கும்மா. பூச்சியா?"

"ஒண்ணைக் கிள்ளிப் பாருங்க. உள்ள என்ன கலர்?"

"ரோஸ்!"

"அப்போ நல்லா வேலை செய்யுதுங்க. காத்துல இருக்கற சத்தைப் பிடிச்சுச் செடிக்குக் கொடுக்குது." தன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதுபோல் குரல் குழைந்தது.

"யூரியா மூட்டையைத் திருப்பிக் கொடுத்துட்டேன்," என்றார் அவர். பிறகு, "ஆமா, நீங்க சாப்பிட்டீங்களா?"

அவளிடம் யாரும் அப்படிக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள்.

அதன்பின் போன் வரவில்லை. பொறுத்துப் பார்த்து, மனசு கேட்காமல், அவளே அழைத்தாள். அவர் மனைவி எடுத்தார்.

"அவர் காய் பறிக்கிறார். ஏதாவது சொல்லணுமா?"

"இல்லீங்க, பயிர் எப்படி இருக்குன்னு கேக்கத்தான்."

"பிரமாதமா இருக்கு. அதனாலதான் உங்களைத் தொந்தரவு பண்ணலை."

"ரொம்ப சந்தோஷம்," என்றாள். உண்மையாகவே சந்தோஷம்தான். போனை வைத்த பிறகு, வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். உள்ளே மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது.